பாப்பாவுக்கு முதல் செஸ் டோர்னமென்ட், இப்பவே அனுப்பலாமா இன்னும் ஒரு வருஷம் போகட்டுமா?

கணக்குநோட்டு (திருப்பூர்):

வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பத்தான் முதல் தடவையா எழுதறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. பொண்ணு மூணாவது படிக்கறா, எட்டு வயசு. அவளுக்கு செஸ் கத்துக்குடுத்தது எங்க மாமனார்தான், அவரு ஆடறது நம்ம பழைய ஊர் ஆட்டம், சோல்ஜர் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் போகும், ராஜா ஒரு தடவை குதிரை மாதிரி தாண்டிக்கலாம், அந்தக் கணக்கு. போன வருஷம் ஸ்கூல்ல சாயங்கால கிளாஸ்ல சேத்துவிட்டோம், அங்கதான் சரியான ரூல் எல்லாம் கத்துக்கிட்டா. இப்ப போன்ல தினமும் அரைமணி நேரம் ஆடறா, அப்பாரையும் (தாத்தாவ அப்படித்தான் கூப்பிடுவா) பத்துக்கு எட்டு தடவை தோக்கடிக்கறா. அவரும் அதை டீக்கடை வரைக்கும் போய் சொல்லிட்டு திரியறாரு, அதுவே இப்ப பிரச்சினை ஆயிப்போச்சு.

அடுத்த மாசம் ஒரு கல்யாண மண்டபத்துல ஒருநாள் டோர்னமென்ட், 9 வயசுக்குட்பட்டவங்க பிரிவு இருக்கு, ஆறு ரவுண்டுன்னு கோச் வாட்ஸப்ல நோட்டீஸ் அனுப்புனாரு. முதல்ல குதிச்சா. ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி படுத்துட்டு இருக்கறப்ப "அம்மா, நான் எல்லாத்துலயும் தோத்துட்டா அப்பாரு டீக்கடைல என்ன சொல்லுவாரு"ன்னு கேட்டா பாருங்க, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. காலைல எந்திரிச்சு "நான் போகல"ங்கறா, சாயங்காலம் கிளாஸ் முடிஞ்சு வந்து "பேர் குடுத்துட்டீங்களா"ங்கறா.

வீட்டுக்காரரு, இன்னொரு வருஷம் நல்லா ப்ராக்டிஸ் பண்ணிட்டு போகட்டும், இப்ப போய் அழுதுட்டு வந்தா செஸ் பக்கமே போகமாட்டாங்கறாரு. கோச் போயே ஆகணும்ங்கறாரு. எனக்கு எந்தக் காய் எப்படி போகும்னே சரியா தெரியாதுங்க, நான் யார் பேச்சைக் கேக்கறது? அங்க உள்ள என்ன நடக்கும், நாம கூட நிக்கலாமா, ரேட்டிங் ரேட்டிங்ங்கறாங்களே, ஆட்டத்திறமைக்கு குடுக்கற புள்ளியாம், அது இப்பவே வேணுமா, அனுபவப்பட்டவங்க கொஞ்சம் சொல்லுங்க.

மூணாவதுபோர்டு (மதுரை):

தங்கச்சி, நாங்களும் இப்படித்தான் "ரெடி ஆகட்டும், ரெடி ஆகட்டும்"னு ஒரு வருஷத்த ஓட்டுனோம், அந்த ரெடி வரவே இல்ல. வீட்டுல ஆடுறது வேற, அங்க ஆடுறது வேற. முக்கியமா போன்ல ஆடுற பிள்ளைங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு, அத யாரும் எங்களுக்கு சொல்லல. போன்ல ராஜாவுக்கு செக் இருக்கும்போது நீங்க வேற காயைத் தொட்டா அது நகரவே நகராது, ஆப் விடாது, அதனால பிள்ளை செக் இருக்கான்னு பாக்குற வேலைய ஆப்புக்கிட்டயே விட்டுருது. என் மகன் முதல் டோர்னமென்ட்ல செக் இருக்குறது தெரியாம யானைய நகத்திட்டு, மூவ் முடிஞ்சதுக்கு அமுக்குற கிளாக்கையும் அமுக்கிட்டான். எதிர்ல இருந்த பொண்ணு டக்குனு கையத் தூக்கிருச்சு, ஆர்பிட்டர் (நடுவர்) வந்து அந்தப் பொண்ணுக்கு ரெண்டு நிமிசம் கூட்டிக் குடுத்துட்டு "இன்னொரு தடவை பண்ணா கேம் போயிரும் தம்பி"ன்னுட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் பய காயத் தொடவே நடுங்குனான்னு வெளிய வந்து சொன்னான். அதனால இந்த ஒரு மாசம் போன வச்சுட்டு நெசமான போர்டுல ஆட விடுங்க, அப்பாருகிட்டயே ஆடட்டும், ஆனா டோர்னமென்ட் ரூல்ல.

அடுத்தது தொட்ட காய். வீட்டுல "இல்ல இல்ல இது வேண்டாம்"னு திரும்ப வச்சுக்கிட்டு ஆடுறோம்ல, அங்க தொட்டா தொட்டதுதான், அதத்தான் ஆடணும். அப்பாருக்கு பேத்தி மேல பாசம் இருக்கும், அவரு விட்டுக்குடுப்பாரு, அத முதல்ல நிறுத்தச் சொல்லுங்க.

இப்ப என் தப்பைச் சொல்றேன். பெத்தவங்கள உள்ள விடமாட்டாங்க, நான் ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு ரவுண்டும் முடிஞ்சு வெளிய வந்ததும் நான் கேட்ட முதல் வார்த்தை "என்னாச்சு, ஜெயிச்சியா?". முதல் ரவுண்டு தோத்தான், ரெண்டாவதும் தோத்தான், மூணாவது முடிஞ்சு வெளிய வந்தவன் என் மூஞ்சியப் பாத்துட்டு அப்படியே திரும்பி பாத்ரூம் பக்கம் போயிட்டான். அவன் அந்தக் கேம ஜெயிச்சிருந்தான்! ஜெயிச்சதச் சொல்லக்கூட என்கிட்ட வரல. என் வீட்டுக்காரி "நீங்க ஒண்ணும் கேக்காதீங்க, இந்த முறுக்கு டப்பாவ மட்டும் நீட்டுங்க"ன்னா. நாலாவது ரவுண்டுல இருந்து முறுக்கு டப்பாதான். அவனா வந்து வாயில முறுக்க வச்சுக்கிட்டே "குதிரைய சும்மா குடுத்துட்டேன்ப்பா"ன்னு சொல்லுவான், நான் ம்ம் ம்ம்னு கேட்டுக்குவேன், அவ்வளவுதான்.

குட்டிகுதிரை17:

அக்கா நான் இப்ப பிளஸ் ஒன், என் முதல் டோர்னமென்ட் ஸ்கோர் 7க்கு அரை பாயிண்ட் 😂 அந்த அரையும் அவன் ராணி வச்சுக்கிட்டு மேட் பண்ணத் தெரியாம ஸ்டேல்மேட் (செக்கும் இல்ல, நகத்த மூவும் இல்லன்னா ட்ரா, ஆளுக்கு அரை) பண்ணதால வந்தது. இன்னும் ஆடிட்டுதான் இருக்கேன். பாப்பாக்கிட்ட ஒண்ணு சொல்லுங்க, குகேஷ் சிங்கப்பூர்ல டிங் லிரென் கூட வேர்ல்ட் சாம்பியன்ஷிப் ஆடுனப்ப முதல் கேமையே தோத்தாரு, அதுவும் வெள்ளைக் காய்ல. 12வது கேமும் தோத்தாரு. 14வது கேம்லதான் முடிஞ்சது. ஒரே மேட்ச்ல ரெண்டு தடவை தோத்தவருதான் சாம்பியன் ஆனாரு, இத நான் சின்னப் பசங்களுக்கு சொன்னா கொஞ்ச நேரம் சைலன்ட் ஆயிடுவாங்க.

அப்புறம் நாலு மூவ் மேட்ட தடுக்க மட்டும் கண்டிப்பா கத்துக்குடுத்து அனுப்புங்க. அந்த வயசு பிரிவுல பாதிப் பேரு ராணியையும் பிஷப்பையும் வெளிய எடுத்து ராஜா பக்கத்துல இருக்குற அந்த சோல்ஜர் மேலயே வந்து நிப்பாங்க. அத தடுத்துட்டா அவங்களுக்கு அடுத்து என்ன பண்றதுன்னே தெரியாது, ராணி நடுரோட்டுல மாட்டிக்கிட்டு முழிக்கும். செம ஜாலியா இருக்கும்.

வேடிக்கைபாக்குறவன்:

எல்லாரும் அனுப்பு அனுப்புன்னு சொல்றீங்க, நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. 2022ல மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட் நடந்தப்ப ஊரெல்லாம் வேட்டி கட்டுன குதிரைத் தம்பி நின்னாரு, 2024 டிசம்பர்ல குகேஷ் ஜெயிச்சாரு, அதுக்கப்புறம் எங்க ஊருல ஞாயித்துக்கிழமை ஆனா எங்கயாவது ஒரு மண்டபத்துல டோர்னமென்ட். என்ட்ரி ஃபீஸ் ஒரு பக்கம், கோச் ஃபீஸ் ஒரு பக்கம், வர்ற எல்லாருக்கும் ஒரு மெடல். எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் மாசத்துல நாலு ஞாயிறும் பிள்ளையத் தூக்கிட்டு ஊர் ஊரா அலையுது, அந்தப் பையன் கார்லயே தூங்கி கார்லயே எந்திரிக்கிறான், போன வாரம் பாத்தப்ப "அங்கிள் எனக்கு கிரிக்கெட்தான் பிடிக்கும்"னு காதுல வந்து சொல்றான். உங்க வீட்டுக்காரர் சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்கு மேடம், பயப்படுறது பிள்ளை மட்டும் இல்ல, அவரும்தான், அதையும் உக்காந்து பேசுங்க.

நான் 80கள்ல ஆடுனவன். அப்பல்லாம் ஆம்பளைங்களுக்கு 2200க்கு கீழ சர்வதேச ரேட்டிங்னே ஒண்ணு கிடையாது, ரேட்டிங் வச்சிருக்கவர நேர்ல பாத்தா எந்திரிச்சு நிப்போம். இப்ப கீழ்மட்டம் 1400, அதுவே 2024 மார்ச்சுல ஏத்துனது, அதுக்கு முன்னாடி 1000ல இருந்தே இருந்துச்சு. அதனால மூணாவது படிக்கிற பிள்ளைக்கு ரேட்டிங் வந்துருச்சுன்னு யாராவது ஸ்டேட்டஸ் போட்டா நீங்க பதறாதீங்க. ஒண்ணு போகட்டும், பிடிச்சா ரெண்டு மாசம் கழிச்சு இன்னொண்ணு. என் கணக்கு அவ்வளவுதான்.

மூணாவதுபோர்டு:

சார் சொல்றது சரிதான், ஞாயித்துக்கிழமை வியாபாரம் நடக்கத்தான் செய்யுது. ஆனா அந்த மெடல கிண்டல் பண்ணாதீங்க சார், என் மகன் அந்தத் தகர மெடலப் போட்டுக்கிட்டு ரெண்டு நாள் தூங்குனான், கழுத்துல தடம் விழுந்துருச்சு.

கையத்தூக்கு (ஆர்பிட்டர், சென்னை):

பத்து வருஷமா சின்னப் பசங்க டோர்னமென்ட்ல நின்னுட்டு இருக்கேன், அதனால உள்ள என்ன நடக்குதுன்னு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றேன் மேடம்.

முதல்ல, தோத்தா வெளிய போயிடணும்னு பாப்பா நினைச்சுட்டு இருக்கலாம், நிறைய பசங்க அப்படித்தான் நினைக்கறாங்க. இது ஸ்விஸ் முறை. ஆறு ரவுண்டுன்னா எல்லாருக்கும் ஆறு ரவுண்டு. ஒரே பாயிண்ட் இருக்கறவங்கள ஒருத்தரோட ஒருத்தர் மோத விடுவோம், அதனால முதல் ரெண்டுல தோத்தா மூணாவதுல எதிர்ல உக்காரப்போறதும் ரெண்டுல தோத்த ஒரு குழந்தைதான். நடுவுல எங்கயோ தனக்கு சமமான ஆளு கெடச்சிடும். இதை ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டிட்டாலே பாதி பயம் போயிடும்.

பசங்க ஏமாந்து போற இடம் ஒண்ணு இருக்கு. எதிர்ல இருக்கற பையன் சத்தமா "செக் மேட்!"னு சொல்லி கைய நீட்டுவான். நம்ம குழந்தை பாவம், மேட்னு நம்பி கையக் குடுத்துடும். கையக் குடுத்துட்டு ரிசல்ட் ஸ்லிப்ல கையெழுத்தும் போட்டாச்சுன்னா அப்புறம் நாங்க வந்து பாத்து "இதுல ராஜா தப்பிக்க கட்டம் இருக்கே"ன்னு சொல்லி ஒண்ணும் ஆகப்போறது இல்ல. போன மாசம்கூட ஒரு குழந்தைக்கு எதிராளியவிட ராணியும் யானையும் அதிகமா இருந்துச்சு, அடுத்த மூவ்ல அந்தக் குழந்தையே மேட் பண்ணிருக்கலாம், கையக் குடுத்துட்டு அழுதுட்டே என்கிட்ட வருது. அதனால வீட்டுல நாலு நாள் இதை நாடகம் மாதிரி ஆடிப் பாருங்க. நீங்க கைய நீட்டி செக் மேட்னு சொல்லுங்க, அவ கையக் குடுக்காம வலது கையத் தூக்கி "சார்"னு கூப்பிடணும். என் பேரே அதனாலதான் இப்படி வச்சிருக்கேன். எதுக்கு வேணாலும் கூப்பிடலாம், ஒண்ணுக்குப் போகணும்னாலும் கூப்பிடலாம். நாங்க திட்டமாட்டோம்.

அப்பாரு கிட்ட கத்துக்கிட்டவன்னு சொன்னீங்க, அதனால இன்னொண்ணு. என்பசான்னு ஒரு ரூல் இருக்கு, எதிராளி சோல்ஜர் ரெண்டு கட்டம் தாவி நம்ம சோல்ஜர் பக்கத்துல வந்து நின்னா, ஒரு கட்டம்தான் வந்த மாதிரி நினைச்சு குறுக்கால போய் வெட்டிடலாம், ஆனா அடுத்த மூவ்லயே வெட்டிடணும். பழைய ஊர் ஆட்டத்துல ரெண்டு கட்டத் தாவலே கிடையாது, அதனால இதுக்கு வேலையே இல்ல. இது தெரியாத குழந்தைக்கு எதிராளி கண்ணு முன்னாடியே களவாண்ட மாதிரி தோணும். கிளாஸ்ல சொல்லியிருப்பாங்க, இருந்தாலும் ஒரு தடவை கோச்சை போர்டுல வச்சுக் காட்டச் சொல்லுங்க. கோட்டை கட்டறப்ப (ராஜாவையும் யானையையும் ஒரே மூவ்ல நகர்த்தறது) முதல்ல ராஜாவத்தான் தொடணும், யானையத் தொட்டுட்டா யானைய மட்டும்தான் நகர்த்த விடுவோம். எல்லாம் ஒரே கையால, எந்தக் கையால காய நகர்த்துனாங்களோ அதே கையாலதான் கிளாக்கையும் அமுக்கணும். ஸ்மார்ட் வாட்ச் கட்டிவிட்டு அனுப்பாதீங்க, பொம்மை வாட்சா இருந்தாலும் கழட்ட வச்சிடுவோம்.

வயசு: ஜனவரி 1ஆம் தேதி அன்னிக்கு எத்தனைன்னு பாக்கறதுதான் வழக்கம். நோட்டீஸ்ல "இந்தத் தேதிக்கு அப்புறம் பிறந்தவங்க"ன்னு போட்டிருக்கும், அதைப் பாத்துக்கோங்க, பர்த் சர்டிபிகேட் ஜெராக்ஸ் ஒண்ணு கையில இருக்கட்டும். ரேட்டிங் இப்ப வேண்டவே வேண்டாம். ரேட்டட் கிளாசிக்கல்ல ஒரு கேமே மூணு மணி நேரம் நாலு மணி நேரம் போகும், ஒவ்வொரு மூவையும் எழுதணும், மூணு நாலு நாள் நடக்கும், எட்டு வயசுக் குழந்தைய அதுல முதல்ல கொண்டுபோய் உக்கார வச்சா அப்படியே சாஞ்சு தூங்கிடும், நான் பாத்திருக்கேன்.

போர்டு நீங்களே கொண்டு வரணுமான்னு நோட்டீஸ்ல பாருங்க, நிறைய இடத்துல கொண்டு வரச் சொல்லுவாங்க. காலைல 9ன்னு போட்டிருந்தா முதல் ரவுண்டு பத்தரைக்கு ஆரம்பிக்கும், குத்துவிளக்கு, சால்வை, தலைமை விருந்தினர் பேச்சு எல்லாம் இருக்குல்ல. அதனால சாப்பாடு, தண்ணி, விரிச்சு உக்கார ஒரு துணி. கடைசில பரிசு குடுக்கறப்ப ஒரே பாயிண்ட்ல பத்துப் பேரு இருப்பாங்க, யாரு முன்னாடின்னு எதிராளிங்க எடுத்த பாயிண்ட்டக் கூட்டி புக்கோல்ஸ்னு ஒரு கணக்குல பாப்போம், அந்த நேரத்துல பெத்தவங்க சண்டை ஆரம்பிக்கும். நீங்க அதுல சேராதீங்க, அவ்வளவுதான் என் வேண்டுகோள் 🙏

கணக்குநோட்டு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஸ்விஸ் முறைய பேப்பர்ல போட்டுக் காட்டுனேன், "அப்ப தோத்தவங்களுக்கும் ஆள் இருக்கா"ன்னு கேட்டா, பேர் குடுக்கச் சொல்லிட்டா. அந்த கையத் தூக்கற நாடகம் தினமும் நடக்குது, இப்ப சோறு போட்டாலும் கையத் தூக்கி சார்ங்கறா. மாமனாருக்குத்தான் தொட்ட காய் ரூல் கஷ்டமா இருக்கு, அவரே நாலு தடவை மாட்டிக்கிட்டு "இதென்ன ஆட்டம்"னு எந்திரிச்சுப் போயிட்டாரு. டோர்னமென்ட் முடிஞ்சதும் எழுதறேன்.

கணக்குநோட்டு:

போயிட்டு வந்துட்டோம்ங்க!! நேத்து நைட்டே எழுதலாம்னு பாத்தேன், கால் வலில முடியல.

ஆறுக்கு ரெண்டரை. முதல் ரவுண்டு நாலு மூவ் மேட்டத் தடுத்துட்டா, ஆனா அப்புறம் ராணியப் பறிகுடுத்துட்டு தோத்தா. வெளிய வந்தப்ப நான் வாயத் தொறக்கல, கடலை உருண்டை டப்பாவ நீட்டுனேன் (முறுக்கு இல்லைங்க). கண்ணு தளும்புது ஆனா அழுகல, உருண்டையக் கடிச்சுட்டே "அந்த அக்காவுக்கு பல்லு விழுந்திருக்கும்மா, பேசறப்ப காத்து வருது"ன்னா. அவ்வளவுதான் அந்த ரவுண்டு பத்தி சொன்னது. ரெண்டாவதும் போச்சு. மூணாவது ட்ரா. நாலாவதுல ஒரு பையன் செக் மேட்னு கைய நீட்டியிருக்கான், இவ கையக் குடுக்கல, தூக்கிட்டா. ஆர்பிட்டர் வந்து "ஆடுங்க, மேட் இல்ல"ன்னுருக்காரு. அந்தக் கேம இவதான் ஜெயிச்சா. ஜன்னல் வழியா அந்தக் கை தூக்குனது எனக்கு நல்லாத் தெரிஞ்சுதுங்க, காய் எதுவும் புரியல, கை மட்டும் தெரிஞ்சுது, எனக்கு அழுகையே வந்துருச்சு.

அஞ்சாவது தோத்தா, ஆறாவதுல எண்ணிக்கை ஒத்தைப்படையா வந்து இவளுக்கு பை, ஆடாமயே ஒரு பாயிண்ட். அதை எப்படி சொல்லிப் புரிய வைக்கறதுன்னு நான் யோசிச்சுட்டே இருக்கேன், அதுக்குள்ள அவ போன் போட்டு "அப்பாரு, கடைசி ரவுண்டுக்கு என்கூட ஆட யாருமே வரல, பயந்துட்டாங்க"ன்னு சொல்லிட்டா. இன்னிக்கு காலைல அது டீக்கடைக்கும் போயாச்சு.

வீட்டுக்காரரு காலைல இருந்து மண்டபத்துக்கு வெளிய வண்டி மேலயே உக்காந்திருந்தாரு, உள்ள வரவே இல்ல. நாலாவது ரவுண்டு ஜெயிச்சதச் சொன்னப்ப "ம்"னாரு. ராத்திரி பாத்தா போன்ல என்பசான் வீடியோ ஓடுது.

வேடிக்கைபாக்குறவன்:

ரொம்ப சந்தோசம் மேடம். பை விஷயத்த இப்ப சொல்லாதீங்க, அப்பாரு சந்தோசமா இருக்கட்டும். ரெண்டு மாசம் இடைவெளின்னு நான் சொன்னத மட்டும் மறந்துராதீங்க.

குட்டிகுதிரை17:

சூப்பர் அக்கா!! என்னைவிட ரெண்டு பாயிண்ட் அதிகம் 😭

நெசவாளிமகன் (ஈரோடு):

அக்கா, எங்க பையனும் ரெண்டாவது படிக்கறான், இதே கேள்விதான் எங்க வீட்டுலயும். அந்த மண்டபத்துல போர்டு நாமளே கொண்டு போகணுமா? எங்ககிட்ட இருக்கறது காந்தம் வச்ச சின்ன போர்டு, அது ஆகுமா?

கையத்தூக்கு (ஆர்பிட்டர், சென்னை):

ஆகாது தம்பி. சுருட்டி வைக்கற பெரிய போர்டு, பிளாஸ்டிக் காய், ஸ்போர்ட்ஸ் கடைல கேளுங்க. ராணி ரெண்டு கூட இருக்கற செட்டா பாத்து வாங்குங்க, சோல்ஜர் கடைசிக் கட்டத்துக்குப் போறப்ப பசங்க ராணி இல்லாம யானையத் தலைகீழா கவுத்து வைக்கறாங்க, அது ரூல்ல யானைதான்.